மூன்று தாளும் ஒரே அடியில் வேண்டும்: பில்லிங் மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பில்லிங், கணக்கு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அதில் அச்சுப் பகுதியை எழுதும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

குமுளி, வண்டன்மேடு, புற்றடி, கட்டப்பனை, நெடுங்கண்டம், பூப்பாறை ஆகிய ஊர்களில் ஏலக்காய், மிளகு, தேயிலைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்களும், அந்தக் கடைகளின் பிரிண்டர்களைப் பழுது பார்க்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். இடுக்கி மலையில் இருந்தாலும் எங்கள் சரக்கில் பெரும்பகுதி தமிழ்நாட்டின் கம்பத்துக்கும் போடிக்கும் இறங்குகிறது. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் நடப்பதால் ஒரே வியாபாரியின் மூட்டை இன்று எல்லைக்கு இந்தப் பக்கமும் நாளை அந்தப் பக்கமும் இருக்கும். ஜிஎஸ்டியில் கேரளத்தின் குறியீட்டு எண் 32, தமிழ்நாட்டுக்கு 33. மலை இறங்கும் ஒவ்வொரு பில்லும் மாநிலம் தாண்டும் பில், ஐஜிஎஸ்டி பில். ஊருக்குள் பில் போடுகிற கடையைவிட எங்களுக்குக் காகிதத்தின் வேலை கூடுதல் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறோம்.

அண்மையில் வந்த புதுப்பிப்பில் டெக்ஸ்ட் பிரிண்ட் என்ற வழியை எடுத்துவிட்டீர்கள். ரிப்பன் மேல் ஊசியால் அடித்து அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு எழுத்தை எழுத்தாகவே அனுப்பும் வழி அது. இப்போது எந்த பில்லும் முதலில் பிடிஎஃப் போல ஒரு படமாகி, அந்தப் படம்தான் பிரிண்டருக்குப் போகிறது. புதுப்பிப்போடு வந்த குறிப்பில் 'அச்சு மேம்படுத்தப்பட்டுள்ளது' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. எது போனது என்று அதில் இல்லை. டேட்டா புதிய வடிவத்துக்கு மாறிய பிறகுதான் கடைகளுக்கு விஷயம் தெரிந்தது. மாறிய டேட்டாவைப் பழைய பதிப்பு திறக்காது. ஆகவே யாராலும் திரும்பிப் போக முடியவில்லை.

பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ளலாமே என்றால் அதுவும் நடக்காது. விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஹெச்எஸ்என் என்ற பொருள் குறியீட்டுப் பட்டியலைப் பதிவு பெற்றவருக்கு விற்றது, மற்றவருக்கு விற்றது என்று இரண்டாகப் பிரிக்கும் மாற்றம் 2025இல் வந்தது. இப்படிப்பட்ட மாற்றங்கள் புதிய பதிப்பில்தான் கிடைக்கின்றன. வரிக்காக ஏற்றியே தீர வேண்டிய புதுப்பிப்போடு, வரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நீக்கத்தையும் கட்டி அனுப்பியதுதான் எங்கள் முதல் வருத்தம்.

எங்களுக்கு டாட் மேட்ரிக்ஸ் ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் அந்த பிரிண்டரை யாரும் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கலாம்.

சரக்கு விற்பனைக்கான வரி பில் மூன்று படியாக, அதாவது மூன்று நகலாக, இருக்க வேண்டும் என்கிறது மத்திய ஜிஎஸ்டியான சிஜிஎஸ்டியின் விதி 48. முதல் படி வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டிக்கு, மூன்றாவது விற்பவருக்கு. கார்பன் தேவைப்படாத மூன்றடுக்குத் தொடர் தாளில் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்றும் ஒன்றாக இருக்கும். பிரிண்டரின் ஊசி ஒருமுறை அடித்தால் மூன்றிலும் விழும். டிரைவர் கையெழுத்துப் போட்டால் அதுவும் மூன்றிலும் விழும். கடைசி நேரத்தில் வண்டி மாறிப் புதிய எண்ணைப் பேனாவால் எழுதினால் அந்த எண்ணும் மூன்றிலும் ஒரே இடத்தில் இருக்கும். கம்பத்தில் மூட்டை இறங்கும்போது எடையில் தகராறு வந்தால் வெள்ளைத் தாளையும் மஞ்சள் தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். ஒரே அடியில் விழுந்த தாள் என்பதால்தான் இரண்டு பக்கமும் அதை நம்புகிறார்கள். லேசரில் தனித்தனியாக எடுத்த மூன்று தாளுக்கு அந்த நம்பிக்கை கிடைப்பதில்லை. முதல் தாளுக்கும் மூன்றாவது தாளுக்கும் நடுவே பில்லைத் திருத்தவில்லை என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததோடு எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடி போய்விட்டது. சோதனை போய்விடவில்லை. மலைப்பாதையில் எந்த வளைவிலும் நிறுத்தி பில்லும், சரக்கைக் கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லும் கேட்கலாம். மாநிலம் தாண்டும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் கட்டாயம். ஏலக்காய் கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனாலே 50 கிலோ மூட்டை ஒன்று அந்த வரம்பைத் தாண்டிவிடும். அதாவது எங்களிடமிருந்து இறங்கும் ஒற்றை மூட்டைக்கும் படிக்கத் தெளிவான பில் வேண்டும். வண்டிக்காரர் கையில் இருப்பது இரண்டாவது தாள். அதில் 12 இலக்க இ-வே பில் எண்ணில் ஓர் எண் மங்கினாலும் வண்டி நிற்கும்.

இனி, படமாக அனுப்பும்போது என்னென்ன கெடுகிறது என்று சொல்கிறோம். இதைப் பொறியாளர்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் கடைகளில் பெரும்பாலும் இருப்பது 9 ஊசி, 80 பத்தி பிரிண்டர், அதாவது ஒரு வரியில் 80 எழுத்து அடிப்பது. தாளின் உயரம் 6 அங்குலம். அங்குலத்துக்கு 6 வரி என்றால் ஒரு பில்லுக்கு 36 வரி. டெக்ஸ்ட் முறையில் தாள் முழுக்க நிரம்பினாலும் போவது 36 பெருக்கல் 80, அதாவது 2,880 எழுத்துதான். அச்சுத் தலை இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் அடிக்கும். வெற்றிடத்தைத் தாண்டிப் போகும். பாதி வரிதான் எழுத்து என்றால் பாதியிலேயே திரும்பிவிடும். அதையே படமாக்கினால், மிகக் குறைந்த தரத்தில், அகலவாட்டில் அங்குலத்துக்கு 120 புள்ளி, உயரவாட்டில் 72 புள்ளி என்று வைத்துக்கொண்டாலும், 8 புள்ளி உயரம் அடிக்கும் தலையின் ஒரு ஓட்டத்தில் 8 அங்குல அகலத்துக்கு 960 பைட், 6 அங்குல உயரத்துக்கு 54 ஓட்டம், ஆக மொத்தம் 51,840 பைட். எழுத்து கொஞ்சம் தெளிவாக வேண்டும் என்று 240க்கு 144 வைத்தால் 2,07,360 பைட், 108 ஓட்டம். புள்ளிகள் நேர்கோட்டில் அமைய வேண்டும் என்பதால் படம் அடிக்கும்போது தலை பெரும்பாலும் ஒரே திசையில்தான் அடிக்கும், திரும்பும் ஓட்டம் வெறுமனே போகும். முன்பு சில நொடியில் முடிந்த பில் இப்போது நிமிடக் கணக்கில் இழுக்கிறது. மாலையில் லாரி புக்கிங் மூடுவதற்கு முன் வரிசையாகப் பில் போடும் கடைக்கு இது பெரிய இடி.

வேகம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது தாள் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிரிண்டரின் சொந்த எழுத்து, அந்த ஊசிகளுக்காகவே வரையப்பட்டது. ஒவ்வொரு கோடும் ஊசி நிற்கும் இடத்தில் சரியாக விழும், அடியும் அழுத்தமாக விழும். கணினித் திரைக்காக வரைந்த எழுத்தைச் சிறிதாக்கிப் புள்ளியாக்கும்போது கோடு இரண்டு புள்ளிக்கு நடுவே விழுந்து உடைகிறது. முதல் தாளில் கண்ணுக்குப் பழகிப் படித்துவிடலாம். மூன்றாவது தாளில் 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அதைவிட மோசம், தசமப் புள்ளி காணாமல் போவது. எங்கள் எடை மூன்று தசமத்தில் எழுதப்படும்: 45.250 கிலோ என்பது மஞ்சள் தாளில் 45 250 என்று நிற்கிறது. கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் பொருளில் 250 கிராமுக்குச் சண்டை வரும்.

எழுத்து மங்குகிறதே என்று கடைக்காரர் என்ன செய்கிறார்? தாளின் தடிமனுக்கு ஏற்பத் தலையைத் தள்ளி வைக்கும் நெம்புகோலை ஒரு படி உள்ளே தள்ளுகிறார். மூன்று தாளுக்கு வைக்க வேண்டிய இடைவெளியை ஒற்றைத் தாளுக்கு வைத்துவிடுகிறார். அடி கொஞ்சம் கருக்கும். ஆனால் தலை ரிப்பனில் உரசும், தாள் விளிம்பிலும் துளையிலும் ஊசி மாட்டும், ஓர் ஊசி வளைந்தால் எல்லா வரியிலும் வெள்ளைக் கோடு விழும். அதற்கு மேல், பில்லைச் சுற்றிப் போட்டிருக்கும் கறுப்புக் கட்டங்களும் நிழல் பட்டைகளும் வேறு. இவற்றை அடிக்கத் தலை தொடர்ந்து உழைக்கிறது, சூடாகிறது, சூடு ஏறினால் தானே நின்று ஆறிய பிறகுதான் தொடரும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று கடைக்காரர் தூக்கிக்கொண்டு வருகிறார். பழுது பார்க்கிறவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: அந்த பிரிண்டரில் பழுது இல்லை, பில்லின் வடிவத்தில்தான் பழுது.

அடுத்தது தாள் நழுவுவது. பெரும்பாலான கடைகள் சிவகாசியிலோ மதுரையிலோ அச்சடித்த தலைப்புத் தாள் வைத்திருக்கின்றன. கடைப் பெயர் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அழகாக அச்சாகியிருக்கும், கட்டங்களும் அச்சாகியிருக்கும், நாம் எண்ணையும் பெயரையும் மட்டும் கட்டத்துக்குள் அடிக்க வேண்டும். டெக்ஸ்ட் முறையில் இது 9ஆம் வரி, 12ஆம் பத்தி என்று எண்ணி வைப்பது. ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் அசையாது. புதிய பதிப்பு ஏ4, ஏ5, லெட்டர் என்ற மூன்று அளவைத்தான் காட்டுகிறது. நெருங்கியது என்று ஏ5ஐக் குறுக்காக வைத்தால் அதன் உயரம் 148 மி.மீ. எங்கள் தாளின் 6 அங்குலம் என்பது 152.4 மி.மீ. ஒரு பில்லுக்கு 4.4 மி.மீ. வித்தியாசம். பத்தாவது பில்லில் எழுத்து கிட்டத்தட்ட 4 செ.மீ. ஏறி, முந்தைய தாளின் கீழ்ப்பகுதியில் விழுந்திருக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் கையால் தாளைத் திருப்பிச் சரிசெய்யும் கடைகள் இருக்கின்றன. அப்படித் திருப்பும்போது மூன்று அடுக்கும் ஒன்றுக்கொன்று விலகி, துளைப் பற்களில் மாட்டிக் கிழிகிறது.

எடைச் சீட்டும் இதில்தான் அடிபட்டது. ஒரு லாட்டில் 40 மூட்டை என்றால் ஒவ்வொன்றின் மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை என்று 120 எண் வரும். நெருக்கிய எழுத்தில் அங்குலத்துக்கு 17 எழுத்து, 8 அங்குலத்தில் 137 பத்தி கிடைக்கும். 40 மூட்டையும் நான்கு வரிசையாக ஒரே அரைத்தாளில் அடங்கும். இப்போது அதே சீட்டு மூன்று பக்கம் ஓடுகிறது. எடையைக் கோப்பாகச் சேமித்து வாட்ஸாப்பில் அனுப்பும் வசதியும் டெக்ஸ்ட் முறையோடு சேர்ந்து போய்விட்டது.

லேசர் பிரிண்டரோ தெர்மல் பிரிண்டரோ வாங்கிக்கொள்ளுங்கள் என்று உங்கள் உதவிப் பிரிவு சொல்கிறது. லேசர் சூடாகும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை 600 விஏ யுபிஎஸ் தாங்காது, மழைக்காலத்தில் மின்சாரம் போய் வரும் மலை ஊரில் பாதி நேரம் யுபிஎஸ்ஸில்தான் ஓட்டம். ஜூன் முதல் நவம்பர் வரை தாள் ஈரம் இழுத்துக்கொண்டிருக்கும், ஈரத் தாள் லேசரின் சூட்டில் சுருண்டு மாட்டும். துளையைப் பிடித்து இழுக்கும் தொடர் தாளுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. தெர்மல் தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிஜிஎஸ்டி சட்டப் பிரிவு 36இன்படி ஆண்டு அறிக்கையின் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்ட தெர்மல் பில் அதற்குள் வெள்ளைத் தாளாகிவிடும்.

உங்கள் பக்கத்துக் காரணங்களையும் நாங்கள் யோசிக்காமல் இல்லை. மூன்று காரணம் இருக்கலாம்.

ஒன்று, அரசுத் தளத்தில் பதிவாகும் பில்லான இ-இன்வாய்ஸின் க்யூஆர் குறியீடு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போன நிறுவனங்களுக்கு, பதிவு பெற்றவருக்கு விற்கும் பில்லில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். அதைத் தாளில் அச்சிட வேண்டும், டெக்ஸ்ட் முறையில் அது வராது என்பது உண்மை. ஆனால் விதி 48இன் 6ஆம் உள்விதியைப் பாருங்கள். இ-இன்வாய்ஸாகப் பதிவான பில்லுக்கு மூன்று படி என்ற விதி பொருந்தாது. க்யூஆர் வேண்டிய பில்லுக்கு மூன்று தாள் தேவையில்லை. மூன்று தாள் வேண்டிய பில்லுக்கு க்யூஆர் தேவையில்லை. எங்கள் கடைகளில் மிகப் பெரும்பாலானவை 5 கோடிக்குக் கீழே இருப்பவை. க்யூஆருக்காக டெக்ஸ்ட் முறையை எடுத்தது, அந்தக் குறியீட்டை ஒருநாளும் அச்சிடப் போகாத கடைகளைத்தான் அடித்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே பார்த்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

இரண்டு, தமிழ், மலையாள எழுத்து. பிரிண்டருக்குள் பதிந்திருக்கும் எழுத்தில் நம் மொழிகள் இல்லை. யூனிகோடில் இருக்கும் பெயரை டெக்ஸ்ட் முறையில் அனுப்பினால் கேள்விக்குறிகள்தான் வரும். பொருளின் பெயர் பில்லில் தமிழில் வர வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உங்களுக்கு இருப்பார்கள், அவர்கள் கேட்பது நியாயம். அதற்கும் வழி இருக்கிறது: தமிழ் வரும் அந்த ஒரு வரியை மட்டும் படமாக அனுப்பி, மற்ற வரிகளை எழுத்தாக அனுப்பலாம். ஒரே தாளில் இரண்டையும் கலந்து அடிக்க இந்த பிரிண்டர்களுக்குத் தெரியும். எங்கள் தேவைக்கு அதுகூட வேண்டாம். தமிழும் மலையாளமும் தலைப்பில் ஏற்கெனவே அச்சாகி இருக்கின்றன.

மூன்று, விண்டோஸ். பிரிண்டர் நிறுவனங்களின் தனி டிரைவர் மென்பொருள்களை மெல்ல நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பில் வந்த பாதுகாக்கப்பட்ட அச்சு முறையை ஆன் செய்தால் பழைய டிரைவர்கள் ஓடாது. அதை ஆன் செய்வது இப்போதைக்குப் பயனர் விருப்பம். தவிர, டெக்ஸ்ட் முறைக்கு டிரைவரின் அழகு வேலை எதுவும் தேவையில்லை, பைட்டுகளை அப்படியே கடத்தினால் போதும். டிரைவர் பிரச்சினைக்குப் பயந்தால் டெக்ஸ்ட் முறையை வைத்திருப்பதுதான் பத்திரமான பக்கம்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. டெக்ஸ்ட் பிரிண்ட்டைத் திரும்பக் கொடுங்கள். பழைய நிரலை அப்படியே கொண்டுவர வேண்டும் என்றில்லை. பில் வடிவத்தை வரி, பத்தி எண்ணால் அமைக்கும் ஒரு தனி வார்ப்புரு போதும். பிரிண்டருக்கு அனுப்ப வேண்டிய கட்டளைகள் மிகக் கொஞ்சம், எல்லாம் எண்களாகப் போகிறவை. தொடக்கத்தில் 27, 64 அனுப்பினால் பழைய அமைப்பெல்லாம் அழிந்து பிரிண்டர் புதிதாகத் தொடங்கும். 27, 67, 36 என்றால் பக்க நீளம் 36 வரி. நெருக்கிய எழுத்துக்கு 15, அதை நிறுத்த 18. தடித்த எழுத்துக்கு 27, 69, நிறுத்த 27, 70. பில் முடிந்ததும் 12 அனுப்பினால் தாள் அடுத்த கிழிகோட்டுக்குப் போய் நிற்கும். சந்தையில் ஓடும் 9 ஊசி, 24 ஊசி பிரிண்டர்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டளைகளை ஒரே மாதிரிப் புரிந்துகொள்கின்றன. பக்க நீளக் கட்டளையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். முந்தைய பதிப்பிலேயே சில வார்ப்புருக்களில் அது இல்லாமல், பிரிண்டரின் 11 அங்குல இயல்பு நீளத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வெற்றுத் தாள் வீணாகிக்கொண்டிருந்தது.

அமைப்புப் பக்கத்தில் பக்க நீளம் எத்தனை வரி, மேலே எத்தனை வரி விட வேண்டும், இடப்பக்கம் எத்தனை பத்தி தள்ள வேண்டும் என்ற மூன்றும் பயனர் மாற்றும்படி இருக்க வேண்டும். கூடவே ஒரு சோதனைத் தாள் பொத்தான் வையுங்கள்: 1 முதல் 36 வரை வரி எண்ணும், 10, 20, 30 என்று பத்தி எண்ணும் அடித்துக் காட்டினால், கடைக்காரர் தன் தலைப்புத் தாளில் அதை ஒருமுறை அடித்துப் பார்த்து எந்தக் கட்டம் எந்த வரியில் இருக்கிறது என்று தானே படித்துக்கொள்வார். பழைய பதிப்பில் அமைத்து வைத்திருந்த வார்ப்புருக்கள் பலரின் கணினியில் இன்னும் கோப்பாக இருக்கின்றன. அவற்றைப் புதியதில் ஏற்றும் வழி கொடுத்தால் பல கடைகள் அன்றைக்கே பழைய நிலைக்கு வந்துவிடும்.

பில்லைக் கோப்பாகச் சேமிக்கும் வழியையும் மறக்காதீர்கள். அது ஒன்று இருந்தாலே மற்றதை நாங்கள் எங்கள் பாட்டில் செய்துகொள்வோம்.

நீக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த வசதியும் என்றைக்கும் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒன்றை எடுக்கிறீர்கள் என்றால், எடுப்பதற்கு முந்தைய பதிப்பிலேயே, அந்த வசதியைப் பயன்படுத்துகிறவரின் திரையில் மட்டும், எந்தத் தேதியில் போகிறது என்று காட்டுங்கள். டேட்டாவை மாற்றும் பொத்தானுக்கு மேலே, நீக்கப்பட்டவை இவை என்று பட்டியல் போடுங்கள். நிதியாண்டின் நடுவே எடுக்காதீர்கள். பில் எண் வரிசை ஏப்ரல் 1இல் புதிதாகத் தொடங்குகிறது, கணக்கு எழுதுகிறவர் வார்ப்புருவை மாற்றத் தோதான நாள் அதுதான். ஏலக்காய்க் காய் எடுப்பு ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரை ஓடும். இந்த முறை உங்கள் புதுப்பிப்பு அறுவடை உச்சத்தில் வந்து விழுந்தது. உங்களுக்கு எங்கள் பயிரின் காலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரலில் மட்டும் நீக்குவது என்று வைத்துக்கொண்டால் தெரிய வேண்டிய அவசியமே வராது.

இதைப் படிக்கும் மற்ற கடைக்காரர்களுக்கும் கணக்கர்களுக்கும் இடைக்காலத்துக்கு ஓரிரு வார்த்தை. இன்னும் புதுப்பிக்காதவர்கள், டேட்டா கோப்புறையை முழுதாக வேறு வட்டில் நகல் எடுத்துவிட்டு, அந்த நகலை வேறொரு கணினியில் புதிய பதிப்பில் திறந்து, ஒரு பில்லை உங்கள் மூன்றடுக்குத் தாளில் அடித்துப் பாருங்கள். மூன்றாவது தாளைப் படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

புதுப்பித்துவிட்டவர்கள் முதலில் தாள் அளவைச் சரிசெய்யலாம். விண்டோஸ் 10இல் கன்ட்ரோல் பேனலின் டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் பக்கத்தில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் மேலே பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் என்று வரும். விண்டோஸ் 11இல் அது செட்டிங்ஸின் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அங்கே புதிய ஃபார்ம் ஒன்று உருவாக்கி, அகலம் 10 அங்குலம், உயரம் 6 அங்குலம், ஓரம் நான்கு பக்கமும் 0 என்று வைத்துப் பெயர் கொடுங்கள். உங்கள் தாளை அளவுகோலால் அளந்து வையுங்கள், பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பிறகு பிரிண்டரின் பிரிஃபரன்சஸ், பிரிண்டிங் டிஃபால்ட்ஸ் இரண்டிலும் அந்த ஃபார்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வைத்தால் மற்றதில் பழைய அளவே இருக்கலாம். பிரிண்டரின் சொந்த அமைப்பிலும் பக்க நீளம் 6 அங்குலமாக இருக்க வேண்டும். இது நழுவலை நிறுத்தும். மூன்றாவது தாள் மங்குவதற்கு இது மருந்தாகாது. அதற்கு, பில் வடிவத்தில் கட்டம், நிழல், லோகோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டி, ரிப்பனை மாற்றுங்கள். நெம்புகோலைத் தொடாதீர்கள்.

எழுத்து வகைப் பட்டியலில் 'டிராஃப்ட் 10 சிபிஐ', 'ரோமன் 10 சிபிஐ' என்பது போன்ற பெயர்கள் வந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பெயரின் முடிவில் சிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை எழுத்து என்பதன் சுருக்கம்) என்று இருப்பவை பிரிண்டரின் சொந்த எழுத்து, அவற்றில் வைத்தால் விண்டோஸ் வழியாகவும் எழுத்து எழுத்தாகவே போகும். புதிய பதிப்பு கணினியின் ட்ரூடைப் எழுத்துகளை மட்டும் காட்டுவதால் எங்கள் கடைகளில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. தயாரிப்பாளர்களே, டெக்ஸ்ட் முறையைத் திரும்பக் கொண்டுவரக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை இந்தப் பட்டியலையாவது திறந்துவிடுங்கள். பிரச்சினையில் பாதி அதிலேயே தீரும்.

உங்கள் பொறியாளர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக 6 அங்குல, 12 அங்குல மூன்றடுக்குத் தலைப்புத் தாள், பழைய வார்ப்புருக் கோப்புகள், 40 மூட்டை எடைச் சீட்டின் மாதிரி, படமுறையில் அடித்த மஞ்சள் தாள்கள் ஆகியவற்றை ஒரு கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். முகவரி கொடுத்தால் கூரியரில் அனுப்புகிறோம். யாராவது நேரில் வந்தால், 9 ஊசி பிரிண்டரும் 24 ஊசி பிரிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டத் தயார். மாலை 4 மணிக்கு மேல், பில் போடும் நேரத்தில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம் பகுதியில் கணக்கு எழுதுவோரும் பிரிண்டர் பழுது பார்ப்போரும்